295 ஏக்கர் நிழல்

அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரத்திலிருந்து கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி வடக்கே சுமார் 12 மைல் போனால் ஒரு மலைப் பள்ளத்தாக்கு வருகிறது. டாமல்பயஸ் என்ற மலையின் தென்மேற்குச் சரிவில், இரண்டு பக்கமும் செங்குத்தாக இறங்கும் ஒரு குறுகலான இடம். அடியில் ஒரு சின்ன ஓடை. ரெட்வுட் ஓடை என்று பெயர். அதன் கரையோரமாக மரப்பலகை போட்ட நடைபாதை. நடுப்பகலிலும் அங்கே வெயில் தரையைத் தொடுவது அபூர்வம். மேலே அண்ணாந்து பார்த்தால் தொப்பி கீழே விழுந்துவிடும், அவ்வளவு உயரத்தில் மரங்கள் வானத்தை மூடியிருக்கின்றன.

இந்த இடத்தின் பெயர் மியூர் வுட்ஸ். ஓடையின் மேல் நான்கு சிறு பாலங்கள் இருக்கின்றன. நான்காவது பாலம் வரை போய்த் திரும்ப ஒன்றரை மணி நேரம் போதும். மலைமேல் ஏறி வேறு வழியாக இறங்கி வருபவர்களுக்கு அரை நாள் பிடிக்கும். வருடம் முழுக்கக் கூட்டம்தான். 2018ம் ஆண்டு முதல் இங்கே வண்டி நிறுத்துவதற்கே முன்பதிவு செய்ய வேண்டும்!

வந்து போகிறவர்களில் பெரும்பாலோர் மரத்தைப் பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், போய்விடுகிறார்கள். ஆனால் இந்த நிழல் தானாக மிஞ்சிய நிழல் அல்ல. ஒரு கிரயப் பத்திரம், ஒரு வழக்கு, ஒரு தானப் பத்திரம், ஒரு கையெழுத்து... இந்த நான்கு காகிதங்களால் மிஞ்சிய நிழல். அந்தக் காகிதங்களின் கதை காட்டைவிடச் சுவாரஸ்யமானது. கொஞ்சம் சங்கடமானதும் கூட.

மரம் எப்படித் தப்பியது?

ரெட்வுட் என்றதும் ஆந்திரக் காடுகளில் கடத்தப்படும் செம்மரம் நினைவுக்கு வரலாம். அது வேறு, இது வேறு. இது கலிபோர்னியக் கடற்கரையோரம் வளரும் ஊசியிலை மரம். உலகிலேயே மிக உயரமாக வளரும் மரவகை இதுதான். மியூர் வுட்ஸில் இருப்பவற்றில் உயரமானது சுமார் 258 அடி, அதாவது ஏறக்குறைய 25 மாடிக் கட்டிடம். பெரிய மரங்களில் பெரும்பாலானவற்றின் வயது 500 முதல் 800 வருடம். கோடையில் மழை கிடையாது. ஆனால் பசிபிக் கடலில் இருந்து மூடுபனி உள்ளே வரும். இலைகளில் பட்டுச் சொட்டும் அந்தப் பனிநீர்தான் கோடைக்காலத்தில் மரங்களுக்குத் துணை.

இந்த நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வாழ்ந்தவர்கள் கடற்கரை மிவோக் என்ற பழங்குடி மக்கள். 1817ல் பக்கத்திலிருக்கும் சான் ரஃபேலில் ஸ்பானிய மதகுருமார்களின் மிஷன் தொடங்கியது. நோயும் கட்டாய உழைப்புமாக மிவோக் மக்களின் வாழ்க்கை சிதறிப் போனது. அதன் பிறகு இந்த மலைகள் மெக்சிகோ அரசின் மானிய நிலமாகி, கைமாறிக் கைமாறிக் கடைசியில் டாமல்பயஸ் நிலம் மற்றும் தண்ணீர்க் கம்பெனியின் கைக்கு வந்து சேர்ந்தன.

இதற்கு நடுவில் 1848ல் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்தது. ஊர் நகரமானது. நகரம் கட்ட மரம் வேண்டுமே? வளைகுடாவைச் சுற்றியிருந்த ரெட்வுட் காடுகள் வரிசையாக விழுந்தன. கடற்கரை நெடுக ஒரு காலத்தில் சுமார் 20 லட்சம் ஏக்கர் இருந்த பழமையான ரெட்வுட் காட்டில் இன்று மிச்சமிருப்பது சுமார் 5 சதவீதம்தான். இந்த ஒரு பள்ளத்தாக்கு மட்டும் தப்பியதற்குக் காரணம் யாருடைய கருணையும் இல்லை. செங்குத்தான சரிவு, மரத்தை வெளியே கொண்டு வர வழியில்லை. வெட்டுக்கூலியை விட இழுப்புக்கூலி அதிகம். அவ்வளவுதான் விஷயம்!

ஆனால் 1896ல் டாமல்பயஸ் மலை உச்சிக்கு ரயில் வந்துவிட்டது. வழி வந்துவிட்டால் கோடரி வர எவ்வளவு நேரம் ஆகும்?

45,000 டாலர்

முதலில் குரல் கொடுத்தவர்கள் பெண்கள். சான்பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியா கிளப் என்ற பெண்கள் அமைப்பு இருந்தது. இந்தக் காட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று 1904ல் அவர்கள் பிரச்சாரம் தொடங்கினார்கள். அப்போது அமெரிக்கப் பெண்களில் பெரும்பாலோருக்கு ஓட்டுரிமையே கிடையாது என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்த வருடம் காட்டை விலைக்கு வாங்கியவர் வில்லியம் கென்ட். 1864ல் சிகாகோவில் பிறந்தவர், பணக்காரக் குடும்பம். அவரும் மனைவி எலிசபெத் தாச்சர் கென்ட்டும் 1905ல் அந்தக் கம்பெனியிடமிருந்து 611 ஏக்கரை 45,000 டாலருக்கு வாங்கினார்கள். கணக்குப் போட்டால் ஏக்கருக்கு சுமார் 74 டாலர். இன்றைக்கு இது சில்லறையாகத் தெரியலாம். ஆனால் கென்ட் கடன் வாங்கித்தான் இந்தப் பணத்தைப் புரட்டினார். இவ்வளவு கடன் தேவையா என்று மனைவி கேட்டபோது, கையில் இருப்பதெல்லாம் போய் இந்த மரங்கள் மட்டும் பிழைத்தால்கூட அது லாபம்தானே என்ற பொருளில் அவர் பதில் சொன்னதாக ஒரு கதை உண்டு.

அதற்காகக் கென்ட் காட்டைப் பூட்டி வைக்கவில்லை. ரயில் கம்பெனியோடு பேசி, மலை ரயிலில் இருந்து இந்தப் பள்ளத்தாக்குக்கு 1907ல் ஒரு கிளைப் பாதை வரச் செய்தார். ஆட்கள் வரட்டும், பார்க்கட்டும், டிக்கெட் வாங்கட்டும் என்பதுதான் திட்டம். வெட்டி விற்பதைவிட நிற்கவைத்துக் காட்டுவதில் காசு பார்க்கலாம் என்று புரிந்துகொண்ட ஆரம்பகால ஆட்களில் அவரும் ஒருவர்.

தண்ணீர்க் கம்பெனி வந்தது

1906 ஏப்ரல் 18 அன்று சான்பிரான்சிஸ்கோவைப் பூகம்பம் தாக்கியது. அதைத் தொடர்ந்து வந்த தீயை அணைக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. நிலத்தடிக் குழாய்கள் உடைந்து போயிருந்தன. நகரம் சாம்பலானது. மறுபடி கட்ட மரம் வேண்டும், வாழத் தண்ணீர் வேண்டும். இந்த இரண்டு பசியும் ஒரே சமயத்தில் பிறந்தன.

1907ன் கடைசியில் வட கடற்கரைத் தண்ணீர்க் கம்பெனி என்ற தனியார் நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போனது. ரெட்வுட் ஓடையின் குறுக்கே அணை கட்ட வேண்டும், அதற்குப் பள்ளத்தாக்கின் அடிப்பகுதி தேவை, கென்ட் தர மறுக்கிறார், ஆகவே பொது உபயோகத்துக்காகக் கட்டாயமாகக் கையகப்படுத்தித் தர வேண்டும் என்பது வழக்கு. பெரிய மரங்கள் நின்றது அந்த அடிப்பகுதியில்தான். அணை வந்தால் முதலில் மரங்களை வெட்டி விற்கலாம், பிறகு தண்ணீரை விற்கலாம். கம்பெனிக்கு இரண்டு வருமானம்!

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நிலம் கென்ட்டுக்குச் சொந்தம். பத்திரம் அவர் பெயரில் சுத்தமாக இருக்கிறது. ஆனாலும் அவர் தோற்கக்கூடிய வழக்கு இது. பொது உபயோகம் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டால் நஷ்ட ஈட்டை வாங்கிக்கொண்டு விலக வேண்டியதுதான். தனிச்சொத்து என்பது அவ்வளவு பலமான வேலி இல்லை என்பது கென்ட்டுக்கு அப்போதுதான் உறைத்தது.

14 நாட்கள்

அவர் கண்டுபிடித்த வழி அபாரமானது. தனியாரின் நிலத்தைக் கையகப்படுத்தலாம். அமெரிக்க மத்திய அரசின் நிலத்தை ஒரு தண்ணீர்க் கம்பெனி கையகப்படுத்த முடியுமா? முடியாது. அப்படியானால் நிலத்தை அரசாங்கத்துக்கே கொடுத்துவிட்டால்?

அதற்குத் தோதாக ஒரு சட்டமும் இருந்தது. 1906ல் வந்த தொன்மைச் சின்னங்கள் சட்டம். தென்மேற்குப் பகுதியில் பழங்குடிகளின் பழைய குடியிருப்புகளைக் கொள்ளையடிக்கிறார்கள் என்பதற்காக வந்த சட்டம் அது. அதன்படி ஜனாதிபதி ஒரே ஒரு கையெழுத்தில் ஓர் இடத்தைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கலாம். நாடாளுமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை. தனியார் தங்கள் நிலத்தை விட்டுக்கொடுத்தால் அரசு ஏற்றுக்கொள்ளலாம் என்றும் அதில் ஒரு வாசகம் இருந்தது. கென்ட் பிடித்துக்கொண்டது அந்த ஒரு வாசகத்தைத்தான்.

வனத்துறைத் தலைவராக இருந்த கிஃபோர்ட் பின்ஷோவின் உதவியை நாடினார். 1907 டிசம்பர் 26 அன்று, தன் நிலத்தில் 295 ஏக்கரை அரசுக்குத் தானமாக எழுதிக் கொடுத்தார். உள்துறைச் செயலாளர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு அதை ஏற்றுக்கொண்டார். 1908 ஜனவரி 9 அன்று ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்டார்.

சரியாக 14 நாட்கள். தண்ணீர்க் கம்பெனியின் வழக்கு நிற்க இடமில்லாமல் போனது. தனியார் ஒருவர் தானமாகக் கொடுத்த நிலத்தில் உருவான முதல் தேசிய நினைவுச் சின்னம் என்ற பெருமை இந்தக் காட்டுக்கு உண்டு.

ரூஸ்வெல்ட் இதற்குக் கென்ட்டின் பெயரையே வைக்க விரும்பினார். கென்ட் மறுத்துவிட்டார். எனக்கு ஐந்து பையன்கள் இருக்கிறார்கள், அவர்களால் என் பெயரைக் காப்பாற்ற முடியாவிட்டால் அது மறந்து போகட்டும் என்ற பொருளில் ஜனாதிபதிக்கே எழுதினார். அவர் கேட்ட பெயர் ஜான் மியூர். ஸ்காட்லாந்தில் பிறந்து, கலிபோர்னிய மலைகளில் அலைந்து, காடுகளுக்காக எழுதியே ஒரு நாட்டின் மனதை மாற்றிய மனிதர். 1892ல் சியரா கிளப் என்ற அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். மியூருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மரங்களை நேசிப்பவர்களுக்கு உலகத்தில் இதைவிட நல்ல நினைவுச் சின்னம் இருக்க முடியாது என்று கென்ட்டுக்கு எழுதினார்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் பள்ளிப் பாடப்புத்தகத்தில் சேர்த்துவிடலாம். முடியவில்லை.

இன்னொரு பள்ளத்தாக்கு

அதே 1908ம் ஆண்டு மே மாதம். மியூர் வுட்ஸ் தானத்தை ஏற்றுக்கொண்ட அதே கார்ஃபீல்டு, இன்னொரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குள் ஹெட்ச் ஹெட்சி என்று ஒரு பள்ளத்தாக்கு. டுவாலமி ஆறு ஓடும் இடம். அங்கே அணை கட்டித் தண்ணீர் எடுக்க சான்பிரான்சிஸ்கோ நகரத்துக்கு அனுமதி.

மியூர் கொதித்துப் போனார். தேசியப் பூங்காவுக்குள்ளேயே அணை என்றால் பிறகு எந்த இடத்துக்குத்தான் பாதுகாப்பு? ஐந்து வருடங்களுக்கு மேல் போராடினார். அனுமதி மட்டும் போதாது, அமெரிக்க காங்கிரஸ் சட்டமும் வேண்டும் என்ற நிலை வந்தது. 1911 முதல் காங்கிரஸ் உறுப்பினராக இருந்தவர் யார் தெரியுமா? அதே வில்லியம் கென்ட்!

மியூர் தன் பக்கம் நிற்பார் என்று நம்பியிருக்கக்கூடிய காங்கிரஸ்காரர் அவர். ஆனால் கென்ட் அணைக்கு ஆதரவாக வேலை செய்தார். அது மட்டுமல்ல, மியூருக்குச் சமூக உணர்வே கிடையாது என்று 1913ல் சக உறுப்பினர் ஒருவருக்குக் கடிதமும் எழுதினார். 1913 டிசம்பர் 19 அன்று ஜனாதிபதி உட்ரோ வில்சன் கையெழுத்திட, ரேக்கர் சட்டம் அமலுக்கு வந்தது. அடுத்த வருடம் டிசம்பர் 24 அன்று மியூர் இறந்து போனார். ஓ ஷாக்னெஸி அணை 1923ல் கட்டி முடிக்கப்பட்டது. ஹெட்ச் ஹெட்சியின் தண்ணீர் 1934ல் சான்பிரான்சிஸ்கோவை எட்டியது. பள்ளத்தாக்கு இன்றும் தண்ணீருக்கு அடியில்தான் இருக்கிறது.

கென்ட் துரோகியா? அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. தண்ணீரும் மின்சாரமும் தனியார் கம்பெனிகளின் கையில் இருக்கக் கூடாது, பொதுமக்களுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும் என்பது அவருடைய உறுதியான கொள்கை. 1907ல் எதிரே நின்றது தனியார் கம்பெனி, எதிர்த்தார். 1913ல் கேட்டது நகர மக்களின் நிர்வாகம், கொடுத்தார். அவரைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே கணக்கு. மியூருக்கோ எந்தக் கை அணையைக் கட்டினாலும் மூழ்குவது ஒரே பள்ளத்தாக்குதான்.

1910ல் சியரா கிளப் மியூர் வுட்ஸில் ஒரு பெரிய ரெட்வுட் மரத்துக்குப் பின்ஷோவின் பெயரைச் சூட்டியது. அந்தப் பின்ஷோவும் ஹெட்ச் ஹெட்சி அணையை ஆதரித்தவர்தான். ஆக, மியூரின் பெயர் கொண்ட காட்டுக்குள், மியூரைத் தோற்கடித்தவர்களில் ஒருவரின் பெயரோடு ஒரு மரம், மியூரின் சொந்த அமைப்பே வைத்த பலகையோடு நிற்கிறது.

யாருடைய நிழல்?

கென்ட்டின் கணக்கில் இன்னும் ஒரு பக்கம் உண்டு. அவர் ஆசியர்களின் குடியேற்றத்தை வெளிப்படையாக எதிர்த்த அரசியல்வாதி. ஆசியர்கள் அமெரிக்காவில் நிலம் வாங்குவதையும் குடியுரிமை பெறுவதையும் தடுக்க வேண்டும் என்று பேசியவர். 1920ல் செனட் பதவிக்குப் போட்டியிட்டபோதும் அதுவே அவருடைய பிரச்சாரம். பொதுமக்களுக்குச் சொத்து என்று அவர் சொன்னபோது அந்தப் பொதுமக்களில் சிலருக்கு இடமில்லை. 1916ல் தேசியப் பூங்காத் துறையை உருவாக்கிய சட்டத்தைக் காங்கிரஸில் கொண்டு வந்தவரும் இவரேதான். நல்லதும் கெட்டதும் ஒரே கையெழுத்தில் இருக்கின்றன.

காட்டுக்குள் ஒரு பெரிய தகவல் பலகையில் மியூர் வுட்ஸ் காப்பாற்றப்பட்ட வரலாறு ஆண்டுவாரியாக இருக்கிறது. பல காலம் அதில் மியூர், கென்ட், பின்ஷோ, ரூஸ்வெல்ட் போன்றவர்களே நிறைந்திருந்தார்கள். 2021ல் பூங்கா ஊழியர்கள் அந்தப் பலகையின் மேல் ஒட்டுச்சீட்டுகளை ஒட்டினார்கள். பழங்குடிகளின் கதை, 1904ல் பெண்கள் தொடங்கிய பிரச்சாரம், கென்ட்டின் ஆசிய எதிர்ப்பு எல்லாம் அதில் சேர்ந்தன. அச்சிட்டிருந்த எதையும் அழிக்கவில்லை, விட்டுப்போனதைச் சேர்த்தார்கள். 2025 ஜூலையில், அமெரிக்க அரசின் புதிய உத்தரவுகளைத் தொடர்ந்து அந்தச் சீட்டுகள் அகற்றப்பட்டன. ஒரு காட்டின் வரலாற்றைக் கூட நிம்மதியாக எழுதி முடிக்க முடியவில்லை பாருங்கள்.

ஆனால் காட்டுக்கு இதைவிடப் பெரிய மனசு உண்டு. நடைபாதையில் உள்ளே போனால் கதீட்ரல் தோப்பு என்ற இடம் வரும். 1945 மே 19 அன்று, ஐக்கிய நாடுகள் சபையை உருவாக்க சான்பிரான்சிஸ்கோவில் கூடியிருந்த பல நாட்டுப் பிரதிநிதிகள் இந்தத் தோப்புக்கு வந்தார்கள். மாநாடு தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது, ஏப்ரல் 12 அன்று ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் இறந்துவிட்டார். அவருடைய நினைவுக்காக இந்த மரங்களின் கீழே கூடினார்கள். அந்த மாநாட்டுக்கு இந்தியக் குழுவைத் தலைமை தாங்கி அழைத்துச் சென்றவர் ஆற்காடு ராமசாமி முதலியார். ஆசியர்களுக்கு நிலம் கூடாது என்று சொன்னவர் கொடுத்த நிலத்தில், ஆசிய நாடுகளும் சேர்ந்து கூடிய ஒரு மாநாட்டின் அஞ்சலிக் கூட்டம்!

ஓடை இன்னும் ஓடுகிறது

1930களில் பொருளாதார மந்தத்தின்போது வேலையில்லாத இளைஞர்களுக்கு அரசு வேலை கொடுத்தது. அவர்கள் ரெட்வுட் ஓடையின் கரைகளில் கற்களை அடுக்கிக் கட்டினார்கள். கரை அரிக்காமல் இருக்க நல்ல எண்ணத்தில் செய்த வேலை. ஆனால் அதனால் ஓடை வாய்க்கால் போல நேராக, வேகமாக ஓடத் தொடங்கியது. கோஹோ சால்மன் என்ற மீனின் குஞ்சுகள் ஒதுங்க நிதானமான மடுக்கள் இல்லாமல் போயின. கடலில் வளர்ந்து, முட்டையிட இந்த ஓடைக்குத் திரும்பும் மீன் அது. இந்தப் பகுதியில் இன்று அழியும் நிலையில் இருக்கிறது. 2019ல் தொடங்கி அந்தக் கற்களில் பலவற்றை எடுத்துவிட்டு, விழுந்த மரங்களை ஓடையிலேயே கிடக்க விட்டிருக்கிறார்கள். காப்பாற்றுவது என்பது ஒரு நாளில் கையெழுத்துப் போட்டு முடிகிற காரியம் இல்லை என்பதற்கு இந்தக் கற்களே சாட்சி.

கதீட்ரல் தோப்புக்குப் பக்கத்தில் ஃபெர்ன் ஓடை வந்து சேரும் இடத்தில் கொஞ்சம் விலகி நடந்தால் வில்லியம் கென்ட்டுக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. அவர் 1928ல் இறந்தார். அருகில் அவருக்குப் பிடித்த டக்ளஸ் ஃபிர் மரம் பல காலம் நின்று, பிறகு விழுந்துவிட்டது. அதை யாரும் அப்புறப்படுத்தவில்லை. அது மண்ணோடு மண்ணாகிக் கொண்டிருக்கிறது.

சான்பிரான்சிஸ்கோவில் இருந்து காலையில் கிளம்பி இங்கே நடக்க வருபவர்கள் பெரும்பாலும் வீட்டுக் குழாயில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டுதான் வருவார்கள். பாதி வழியில், ஏதாவது ஒரு பெரிய மரத்தடியில் நின்று அதைக் குடிப்பார்கள். அந்த நகரத்துக் குழாய்த் தண்ணீரில் பெரும்பகுதி இன்றும் ஹெட்ச் ஹெட்சியில் இருந்து வருவது.

தப்பிய பள்ளத்தாக்கின் நிழலில் நின்று, மூழ்கிய பள்ளத்தாக்கின் தண்ணீரைக் குடிக்கிறார்கள். வரவும் செலவும் ஒரே இடத்தில்.